பட்டியலில் இல்லாத வாக்கியம்

கச்சான் காற்று ஓய்ந்து வாடை எழாத அந்தப் பத்து நாள்களுக்கு எங்கள் கரையிற் பெயர் இல்லை. மேற்கே வயல்வெளியில் மாதக்கணக்காய்த் தீயென வீசிய காற்று, வேலை முடித்த கூலியாளைப்போல ஒருநாள் மாலையிற் சொல்லாமல் எழுந்து போய்விடும். கீழ்க்கடல் ஈயம் உருக்கி வார்த்தாற்போல அசைவற்றுக் கிடக்கும். தென்னைகள் ஓலைகளைத் தாழ்த்தி நிற்கும். பெரும்போகத்துக்கு விதைத்த உழவர் வானை நோக்குவர். வலை உலர்த்தும் மீனவரும் அவ்வானையே நோக்குவர். ஒருவர் வேண்டுவது மழை, மற்றவர் அஞ்சுவது மழை. இரு சாராரின் கையேந்தலும் ஒரே இறைவனிடம் போய்ச் சேரும். அவன் இருவருக்கும் உரியதை அறிந்தவன். பின்பு ஒரு வைகறையில், சுபஹுத் தொழுகைக்கு எழுந்தவரின் காதில் வடகிழக்கிலிருந்து ஓர் இரைச்சல் விழும். மாரி வந்துவிட்டது என்பார்கள். முன்பெல்லாம் அதைச் சொல்லும் குரலில் மகிழ்ச்சி இருந்தது. எழுபத்தெட்டாம் ஆண்டுக் கார்த்திகைச் சூறாவளிக்குப் பின், அதைச் சொல்லும் எவரும் முதலில் அண்ணாந்து தம் கூரையைப் பார்த்துக்கொள்வர்.

பார்ப்பதற்குக் கூரையே இல்லாத கட்டடம் ஒன்று கல்முனைக்குத் தெற்கே, கடலுக்கும் பெருந்தெருவுக்கும் நடுவில் இருந்தது. எட்டாம் வகுப்புவரை கொண்ட சிறிய பாடசாலை அது. சூறாவளி அதன் ஓடுகளை ஒன்றுவிடாமற் பொறுக்கிக்கொண்டு போயிற்று. ஊரார் ஆண்டுதோறும் தென்னோலைக் கிடுகு வேய்ந்தனர். வாடை ஆண்டுதோறும் அதனை அவிழ்த்தது. தலைமையாசிரியர் முகம்மது தம்பி ஓடு வேண்டிக் கல்வித் திணைக்களத்துக்குப் பத்தொன்பது கடிதங்கள் எழுதினார். ஒன்றுக்குப் பதில் வந்தது. அது சூறாவளிக்குப் பின்வந்த மூன்றாம் மாரியின் நடுவில், நனைந்த உறையொன்றில் வந்து சேர்ந்தது:

"கூரையற்ற கட்டடத்திற் பாடசாலை நடாத்துவது மாணவரின் உடல்நலத்துக்குக் கேடாகும். எனவே அடுத்த ஆண்டு இறுதிக்குள் ஓட்டுக் கூரை அமையாதவிடத்துத் தங்கள் பாடசாலை மூடப்பட்டு, மாணவர் இரண்டு மைல் தொலைவிலுள்ள பெரிய பாடசாலையில் இணைக்கப்படுவர். கூரை அமைத்துத் தருவதற்கான ஏற்பாடு எதுவும் இத்திணைக்களத்திடம் தற்போது இல்லை."

பாடசாலை வேலிக்கு அப்பால் மைமூனாவின் வீடு. அவள் மகள் றஹீமா ஆறாம் வகுப்பிற் படித்தாள். கடிதச் செய்தி அந்தக் குறுந்தெருவான ஒழுங்கைக்குள் வந்த அன்று, மைமூனா வேலிக்கு மேலால் தலையை நீட்டி, ஆங்கில ஆசிரியர் முத்தலிப்பைக் கூப்பிட்டாள்.

"மாஸ்டர், இஞ்ச எண்டாப் புள்ள இருமினாலும் எனக்குக் கேக்கும். அங்க, பெரிய ரோட்டத் தாண்டி ரெண்டு கட்ட நடக்கணும். அவள்ற வாப்பா கடலுக்குப் போனா மூணு நாளைக்கு வரமாட்டாரு. ஆரு கூட்டிட்டுப் போற?"

"அல்லாஹ் ஒரு வழி காட்டுவான், லாத்தா."

"காட்டுவான், காட்டுவான். நான் சொல்லுறதச் சொல்லிப்போட்டன். இந்தப் பள்ளிக்கூடம் மூடுபட்டா இவள்ற படிப்பும் முடிஞ்சிது. இவள் மட்டுமில்ல, இந்த ஒழுங்கைல இரிக்கிற பதினாறு பொம்புளப் புள்ளயளும் அடுப்படிக்குத்தான்."

முத்தலிப் அன்றிரவு அந்தப் பதினாறு பெயர்களையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தார்.

அவர் எளிய மனிதர். தமக்குக் கற்பித்தல் முறை என்று ஒன்று இருப்பது அவருக்கே தெரியாது. ஒவ்வொரு பிள்ளையும் முதல்நாள் தன் வீட்டில் நடந்த ஒன்றை ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிவரும். காலையில் எழுந்து நின்று வாசிக்கும். மற்றவர்கள் அதுபற்றி ஆங்கிலத்திற் கேள்வி கேட்பர். எழுதிய பிள்ளை பதில் சொல்லும். அவ்வளவுதான் அவர் வகுப்பு. ஒருநாள் றஹீமா, தங்கள் ஆடு மாமியின் சேலையைத் தின்றுவிட்டது என்று எழுதிவந்தாள். சேலை என்ன நிறம் என்று ஒருத்தி கேட்டாள். மாமி என்ன சொன்னார் என்று ஒருவன் கேட்டான். மாமி சொன்னதைச் சொல்லத் தன்னிடம் ஆங்கிலச் சொற்கள் போதா என்றும், போதினும் பாடசாலையிற் சொல்லக்கூடாது என்றும் றஹீமா ஆங்கிலத்திலேயே விடையிறுத்தாள். வினைச்சொற்கள் காலம் தவறி நின்றன. வகுப்பு சிரித்தது. முத்தலிப் இரண்டு பிழைகளைத் திருத்தினார். மிகுதியை நாளைக்கென்று வைத்துக்கொண்டார்.

எண்பத்திரண்டாம் ஆண்டு தை மாதத்தில், ஆங்கில நாவன்மை விருத்திச் செயற்றிட்டம் எங்கள் கரைக்கு எழுந்தருளியது. அதன் மாவட்ட இணைப்பதிகாரி ஜனாப் அப்துல் ஸமட். கல்முனையில் மூன்று நாள் கருத்தரங்கு கூடியது. மேசைமேல் மாலை, மாலைக்குப் பின்னால் அதிகாரி, அதிகாரிக்குப் பின்னாற் கரும்பலகை என்ற வரிசையில் அவை அமைந்தது. அதிகாரி எழுந்து, மூன்று நாளும் தமிழிற் பேசினார்.

"அன்பார்ந்த ஆசிரியப் பெருமக்களே! நமது மாணவர் ஆங்கிலம் பேசாதிருப்பது ஏன்? அவர்கள் எழுதுவதனால்! எழுதும் கை, பேசும் நாவைக் கெடுக்கின்றது. ஆகவே, இச்செயற்றிட்டத்தின் முதல் மூன்று கட்டங்களிலும் எழுத்து முற்றாகத் தடைசெய்யப்படுகின்றது. நான்காம் கட்டத்தில் எழுத்து அனுமதிக்கப்படும். நான்காம் கட்டம் எப்போது வரும் என்பதை ஆராயக் குழுவொன்று நியமிக்கப்படவுள்ளது. அடுத்து, மாணவர் தாம் நினைத்ததைப் பேசுவதும் தடை. நினைத்ததைப் பேசப் புகுவோர் பிழை விடுவர். நாற்பது வாக்கியங்களைத் திணைக்களம் தெரிந்து, பிழையறத் திருத்தி, அச்சிட்டுத் தந்துள்ளது. அவற்றையே பேசுக! நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆங்கிலத்தின் விருத்திக்கு உழைத்து வருகின்றேன். இக்காலமெல்லாம் நான் ஆங்கிலத்தில் ஒரு பிழையேனும் விட்டதாக எவரும் குற்றம் கூறியதில்லை. ஏனெனில், பிழை விடக்கூடிய சந்தர்ப்பமொன்றை நான் ஒருபோதும் உண்டாக்கியதில்லை!"

கைதட்டல் எழுந்தது. முத்தலிப்பின் அருகில், கல்முனைப் பாடசாலையொன்றின் ஆங்கில ஆசிரியை அருள்ராணி இருந்தாள். மெதடிஸ்தக் குடும்பத்தவள், ஞாயிறுதோறும் கீர்த்தனை பாடிப் பழகிய குரல். அதைத் தாழ்த்திச் சொன்னாள்:

"மாஸ்டர், இவர் மூண்டு நாளா இங்கிலீசப் பத்தித் தமிழில கதைக்கிறார். நாலாம் நாளும் வெச்சாரெண்டா நாம தமிழாவது நல்லாப் படிச்சிருவம்."

முத்தலிப் சிரிக்கவில்லை. ஐயம் கேட்கலாம் என்று அறிவிக்கப்பட்டபோது அவர் எழுந்தார்.

"சேர், எங்கட பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்ல. மழை வந்தா..."

"கூரை கட்டடப் பகுதிக்குரியது. இது நாவுக்குரிய செயற்றிட்டம்," என்றார் அதிகாரி. பின்பு கையேட்டைப் புரட்டி முகம் மலர்ந்தார். "ஆயினும், நல்ல கேள்வி. ஆண்டிறுதி மதிப்பீட்டில் நூற்றுக்கு அறுபது புள்ளி பெறும் பாடசாலை முன்மாதிரி ஆங்கிலப் பாடசாலையாகப் பிரகடனப்படுத்தப்படும். முன்மாதிரிப் பாடசாலைக்கு ஓட்டுக் கூரை உண்டு."

முத்தலிப் கையில் ஓர் எண்ணோடு ஊர் திரும்பினார். அறுபது. அன்று முதல் அவருக்கு அதுவே ஓதலாயிற்று.

மறுவாரமே, றஹீமாவும் மற்றவர்களும் தினம் எழுதிவந்த கொப்பிகளை வாங்கி அலுமாரியிற் பூட்டினார். நாற்பது வாக்கியங்கள் வந்தன. பன்னிரண்டு முகம் பார்க்கும் கண்ணாடிகள் வந்தன. நா அசைவுப் பதிவேடு என்னும் பெரிய புத்தகமும் வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு நாளும் எத்தனை வாக்கியம் உரைத்தது என்று அதிற் குறிக்கவேண்டும். நாற்பதுக்குக் குறைந்த பிள்ளை, வகுப்பில் இருந்தாலும் வரவில்லை என்றே கொள்ளப்படும்.

பதினேழாம் வாக்கியத்தில் முதல் இடர் முளைத்தது. 'திஸ் இஸ் எ றூஃப்' என்பது அது. இது ஒரு கூரை என்று பொருள். ஆசிரியர் மேலே சுட்டவேண்டும். மாணவரும் சுட்டி உரைக்கவேண்டும். முத்தலிப் மேலே சுட்டினார். மேலே ஒரு காகம் பறந்தது.

றஹீமா கையை உயர்த்தினாள். "சேர், அங்க றூஃப் இல்லயே. பொய் சொன்னாக் குத்தமில்லயா?"

முத்தலிப் அஞ்சி அஞ்சி அதிகாரிக்கு எழுதினார்: பதினேழாம் வாக்கியத்தை 'அது வானம்' என்று மாற்ற அனுமதி உண்டோ? ஒரு மாதத்திற் பதில் வந்தது: "அங்கீகரிக்கப்பட்ட வாக்கியங்கள் மாற்றப்படலாகா. வாக்கியத்திற் குறிக்கப்பட்ட பொருள் வகுப்பறையில் இல்லாதவிடத்து, ஆசிரியர் அப்பொருளை வகுப்பறைக்குக் கொண்டுவந்து காட்டுதல் வேண்டும்."

தலைமையாசிரியர் அதை இருமுறை வாசித்தார். "அப்ப, கூரைய நாம வகுப்புக்குக் கொண்டு வரணுமாம். இதத்தானே மனுசா, நான் பத்தொம்பது கடிதத்தில கேட்ட!"

முத்தலிப் மறுநாள் ஒரு கிடுகைத் தலையிற் சுமந்து வந்தார். அதைக் கம்பொன்றிற் கட்டி உயர்த்திப் பிடித்தார். பிள்ளைகள் அதனைச் சுட்டி, இது கூரை என்று மனச்சான்றுக்கு அதிகம் ஊறின்றி உரைத்தனர்.

அடுத்து, கண்ணாடிகள். சில ஆங்கில ஒலிகளுக்கு நாவின் நுனி பல்லிடையே வெளிப்படவேண்டும் என்றும், பிள்ளை தன் நாவைக் கண்ணாடியிற் கண்டு, வீட்டிலும் நாளொன்றுக்கு நூறுமுறை பழகவேண்டும் என்றும் கையேடு விதித்தது. பழகினர். மூன்றாம் நாள் வேலிக்கு மேலால் மைமூனாவின் தலை தோன்றியது.

"மாஸ்டர்! என்ன படிப்பிக்கிறீங்க இந்தப் புள்ளயளுக்கு? நேத்து மாமி வந்து, 'எப்பிடிகா இரிக்காய்?' எண்டு கேட்டாங்க. இவள் அவங்கட மூஞ்சிக்கு நேர நாக்க நீட்டுறாள்!"

"அது... இங்கிலீசுக்கு, லாத்தா. கவுண்மெண்டுட உத்தரவு."

"நாக்க நீட்டச் சொல்லிக் கவுண்மெண்டு உத்தரவு போட்டிரிக்கா?" மைமூனா முக்காட்டைச் சரிசெய்தாள். "அப்ப அந்த ஓபீசுக்குப் போய் நானும் நீட்டலாமா?"

பங்குனி பிறந்தது. நாற்பது வாக்கியங்களையும் நாளுக்குப் பத்துமுறை ஒருமித்து உரைக்கவேண்டும் என்பது விதி. இங்கேதான் எங்கள் பிள்ளைகளின் இயல்பு தலையிட்டது. அவர்கள் மாலைதோறும் ஓதற்பள்ளியில் ஒருமித்து ஓதுபவர்கள். நபிகள் பிறந்த றபீஉல் அவ்வல் மாதத்தில், ஒருவர் அடியெடுக்க மற்றவர் ஈற்றடி தொடுக்கும் பைத்துக் கேட்டு வளர்ந்தவர்கள். ஒருமித்து உரைக்கும் எதையும் அந்நாவுகள் மெட்டின்றி உரைக்கமாட்டா. ஆறாம் நாள், எவரும் கற்பிக்காமலே, நாற்பது வாக்கியங்களும் பைத்து மெட்டில் ஏறின. றஹீமா அடியெடுத்தாள். இது மேசை என்றாள் அவள். அது கதிரை என்று தொடுத்தது வகுப்பு. ஏற்றமும் இறக்கமும் இழைந்து, வாக்கியந்தோறும் முடிவில் ஒரு நீண்ட நெகிழ்வு வந்து நின்றது.

ஒழுங்கையிற் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டனர். உரலில் நெல் குற்றியவள் உலக்கையைச் சாய்த்தாள். பாடசாலையில் இப்போது நாள்தோறும் நபிபுகழான மௌலூது ஓதுகிறார்களாம், கூரைக்காக நேர்ச்சையாம் என்று செய்தி பரவியது. வியாழக்கிழமை, ஓதி முடித்தவர்களுக்கு நார்சாவாக வாழைப்பழமும் பாற்சோறும் வேலிக்கு மேலால் வந்தன. முத்தலிப் பதறினார்.

"லாத்தா, இது ஓதலில்ல! மேசை கதிரை எண்டு சொல்லுறாங்க!"

"நமக்கென்ன மாஸ்டர், அரபுதான் வெளங்குதா? சத்தம் அல்லாட பறக்கத்தா இரிக்கி. புள்ளயள் தின்னட்டும்," என்றாள் மைமூனா.

வைகாசியில் அதிகாரி திடீரெனப் பரிசோதனைக்கு வந்தார். பெருந்தெருவில் வரும்போதே ஒலி கேட்டது. வாசலிற் சப்பாத்தைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து தொப்பியை எடுத்து அணிந்தார். தலையைக் கவிழ்த்தபடி பின்வாங்கிலில் அமர்ந்தார். இருபத்தெட்டாம் வாக்கியத்திலேதான் அது தம் பட்டியல் என்பதை அறிந்தார். அன்று வியாழக்கிழமை. பாற்சோறு உண்டார். உண்டபின் எழுந்து உரையாற்றினார்.

"இருபத்திரண்டு ஆண்டுகளாக நாம் தேடிய முறை இதுவே! இங்கே பொருள் குறுக்கிடவில்லை. சிந்தனை குறுக்கிடவில்லை. தூய மொழி மட்டும் நிலவுகின்றது! முறை செவ்வையானால், மொழி வந்தாலென்ன, வராவிட்டாலென்ன?"

இரு வாரத்திற் சுற்றறிக்கை வந்தது. மாவட்டத்துப் பாடசாலைகள் யாவும் நாற்பது வாக்கியங்களைக் கல்முனை மெட்டிலேயே உரைக்கவேண்டும். சந்தையில் அருள்ராணி முத்தலிப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மாஸ்டர், நல்ல வேலை பாத்தீங்க! பாதிரியார் ஐயா வந்து கேக்கிறார், 'என்ன டீச்சர், நம்மட பிள்ளையள் மௌலூது ஓதுதுகள்?' எண்டு. சுற்றறிக்கையக் காட்டினன். வாசிச்சுப் போட்டு, ஆண்டவரே எண்டு சிலுவைய நிமிந்து பாத்தார். அது போகட்டும். பிள்ளையள் இப்ப என்னட்டக் கேக்குதுகள், 'டீச்சர், மெட்டு வந்திட்டு, நார்சா எங்க?' எண்டு!"

"நான் வேணுமெண்டு செய்யல்ல, டீச்சர்."

"தெரியும். நீங்க வேணுமெண்டு செஞ்சிருந்தா அது சுற்றறிக்கையா வந்திராது."

முத்தலிப்பின் பாடசாலை மாவட்டத்தின் கண்மணி ஆயிற்று. அறுபது என்ன, எண்பதே கிட்டும் என்றார் தலைமையாசிரியர். ஆயினும் முத்தலிப்பின் நெஞ்சில் ஒரு முள் இருந்தது. அவருடைய பிள்ளைகள் முன்பு பேசினார்கள், இப்போது ஒலித்தார்கள். ஒருநாள் வகுப்பு முடிந்தபின் றஹீமா வாசலில் நின்றாள்.

"சேர், நாங்க மறுகா எப்ப கதைக்கிற?"

"கூரை வந்த பொறகு, மகள்."

"எங்கட ஆடு ரெண்டு குட்டி போட்டிரிக்கி. ஒருத்தரும் கேக்கல்ல," என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

கச்சான் ஓய்ந்தது. பெயரில்லாத பத்து நாளும் கழிந்தன. மதிப்பீட்டு நாள் கார்த்திகை நடுவில் விதிக்கப்பட்டிருந்தது. விதித்தவர் வானிலை பற்றி எவரையும் கேட்டவரல்லர். அன்று வைகறையில் வடகிழக்கில் இரைச்சல் எழுந்தது. ஊரார் புதிதாய் வேய்ந்திருந்த கிடுகில் மூன்று இடங்களில் வெளிச்சம் தெரிந்தது. பிள்ளைகள் எவ்விடம் ஒழுகும், எவ்விடம் ஒழுகாது என்பதைத் தம் உள்ளங்கைபோல் அறிந்தவர்களாதலால், உலர்ந்த திட்டுகளிற் கூடி அமர்ந்தனர். அதிகாரிக்கு மேசையும் கதிரையும் நடுவில் இடப்பட்டன. நடுவில் இடவேண்டும் என்பது கையேட்டின் விதி.

அதிகாரி மதிப்பீட்டுத் தாளை விரித்து, ஊற்றுப் பேனையைத் திறந்தார். பைத்து எழுந்தது. மழையின் தாளம் அதனோடு சேர்ந்தது. அதிகாரி கண்மூடிக் கேட்டு, ஒருமித்துரைத்தலுக்கு ஐம்பதுக்கு ஐம்பது என எழுதினார். பதிவேட்டுக்குப் பத்து. கண்ணாடிகளில் எட்டு உடையாதிருந்தமையால் அதற்கு நான்கு. அவர் கூட்டுவதை முத்தலிப் தலைகீழாகவே வாசித்தார். அறுபத்துநான்கு. 'அல்ஹம்துலில்லாஹ்' என்றது அவர் நெஞ்சு. ஓடுகளின் சிவப்பு அவர் கண்ணுள் வரிசையாய் அடுக்கிக்கொண்டது.

அப்பொழுது அதிகாரியின் தலைக்கு நேர்மேலே கிடுகு தொய்ந்து, நீர் குடமாகத் திரள்வதை றஹீமா கண்டாள். அது இன்னும் சிறிது நேரத்தில் உடையும் என்பதும் மூன்று மாரி கண்ட அவளுக்குத் தெரியும். அவள் எழுந்தாள்.

"சேர், கம் திஸ் சைட். வோட்டர் இஸ் கமிங் ஒன் யுவர் பேப்பர்."

இந்தப் பக்கம் வாருங்கள், உங்கள் தாளின்மேல் நீர் வரப்போகிறது என்பது அதன் பொருள். அவ்வாண்டு முழுவதிலும், அம்மாவட்டம் முழுவதிலும், அச்செயற்றிட்டத்தின் கீழ் ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்கு ஏதோவொன்றைத் தெரிவிக்கும்பொருட்டு உரைத்த ஆங்கில வாக்கியம் அதுவே.

அதிகாரி புருவம் நெரித்தார். பட்டியலை எடுத்து, ஒன்றிலிருந்து நாற்பதுவரை விரலோட்டிப் பார்த்தார்.

"இது பட்டியலில் இல்லை."

"சேர், அவள் சொல்லுறது..." என்று முத்தலிப் தொடங்கினார்.

"என்ன சொல்கிறாள் என்பதை நோக்குவது மதிப்பீட்டாளரின் கடமையன்று. பட்டியலில் இல்லை. அங்கீகாரமற்ற வாக்கியம். குறைப்பு, ஐந்து."

அவர் குனிந்து எழுதலானார். அறுபத்துநான்கு ஐம்பத்தொன்பது ஆயிற்று. முத்தலிப்பின் கண்ணுள் அடுக்கிய ஓடுகள் அத்தனையும் சரிந்தன. பதினாறு பெண்பிள்ளைகள் அடுப்படியை நோக்கி நடப்பதை அவர் கண்டார். அதிகாரி ஐம்பத்தொன்பதின் கீழ்க் கோடிட்ட அந்நேரத்தில், மேலே கிடுகு கிழிந்தது.

நீர் தாராளமாக வந்தது. அது அதிகாரியின் தலையை நனைத்து, மூக்குக்கண்ணாடியை நனைத்து, தாளை நனைத்தது. ஐம்பது, பத்து, நான்கு, ஐந்து யாவும் ஒரே நீல நதியாகி மேசையின் ஓரத்தால் ஒழுகி மறைந்தன. பிள்ளைகள் சிரிக்கவில்லை. அடக்கினார்கள், அடக்கியது தெரிந்தது.

"அரச ஆவணம்!" என்று அலறினார் அதிகாரி. அவர் முகம் அந்தத் தாளினும் வெளுத்தது. மேடைத் தமிழ் அவரைக் கைவிட்டது. "மாஸ்டர், இது இலக்கமிட்ட தாள்! என்ட பென்சனுக்கே வெனயாப் போயிரும். ஆவணம் சேதப்பட்டா, அந்த எடத்திலயே, அப்பவே ரிப்போட் எழுதணும். இங்கிலீசில எழுதணும்!" அவர் பைக்குள்ளிருந்து படிவமொன்றை எடுத்தார். அதனை மேசையில் வைத்துவிட்டு, நெடுநேரம் அதனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லிய குரலிற் சொன்னார்: "நீங்க எழுதுங்க, மாஸ்டர்."

முத்தலிப் கைகளைப் பின்னாற் கட்டிக்கொண்டார். "சேர், நாலாம் கட்டம் வரைக்கும் வகுப்புக்குள்ள ஒருத்தரும் எழுதப்படாது எண்டு கையேட்டில இரிக்கே."

"நான் விலக்குத் தாறன்! இந்த ஒரு தாளுக்கு விலக்கு!"

எழுத வேண்டியது, இன்று இங்கே நடந்தது என்ன என்பது. அக்கேள்வியைக் கண்டதும் முத்தலிப்பின் வாய், பழைய வழக்கத்தால், வகுப்பை நோக்கித் திரும்பிவிட்டது.

"மகள் றஹீமா, நீங்க எழுதுங்க. மத்தவங்க ஆளுக்கு ஒரு வரி சொல்லுங்க. இண்டைக்கு என்ன நடந்த?"

கைகள் உயர்ந்தன. பத்து மாதம் அடைபட்டிருந்த நாவுகள் ஒன்றன்பின் ஒன்றாய்த் திறந்தன. எந்தத் திட்டில் ஒழுகும் என்று ஒருத்தி சொன்னாள். அதற்கு முந்திய ஆண்டு எங்கே ஒழுகியது என்று ஒருவன் கேட்டான், பதில் வந்தது. றஹீமா உலர்ந்த மூலையில் முழங்காலிட்டு எழுதினாள். அவர்கள் ஆங்கிலத்திற் சொன்னதன் பொருள் இவ்வளவே:

"சூறாவளி எங்கள் ஓடுகளை எடுத்துச் சென்றது. நான்கு ஆண்டாக ஓடு இல்லை. இன்று மழை பெய்தது. அதிகாரி ஒழுகும் இடத்தில் இருந்தார். நாங்கள் அவரை நகரச் சொன்னோம். அவர் நகரவில்லை. தாள் நனைந்துவிட்டது. நாங்களும் நாள்தோறும் நனைகிறோம்."

அதிகாரி அதன் அடியில் ஒப்பமிட்டார். வாசித்தாரா என்பது இறைவனுக்கே வெளிச்சம். ஈரச் சப்பாத்து ஒலிக்க அவர் புறப்பட்டார். முத்தலிப் அன்று மைமூனாவின் வேலிப்பக்கம் போகவில்லை. வேறு ஒழுங்கையாற் சுற்றி வீடு சென்றார்.

மார்கழியில் மூன்று கடிதங்கள் வந்தன. தலைமையாசிரியர் அவற்றை உரக்க வாசித்தார்.

முதலாவது: மதிப்பீட்டுத் தாள் கிடைக்கப்பெறாமையால், இப்பாடசாலை பெற்ற புள்ளி பூச்சியம். முன்மாதிரிப் பாடசாலையாகும் தகுதி இல்லை.

முத்தலிப் வாங்கிலில் அமர்ந்துவிட்டார்.

இரண்டாவது, தலைநகரில் ஆவணப் பாதுகாப்புப் பிரிவு எனும் ஓர் இடத்திலிருந்து வந்தது: "கூரையின்மையால் இலக்கமிட்ட அரச ஆவணமொன்று நீரினால் அழிந்ததாக, அதிகாரியின் ஒப்பத்துடன் அறிக்கை கிடைத்துள்ளது. அரச ஆவணங்கள் நனைவதை இனி ஒருபோதும் அனுமதிக்க முடியாது. மூன்று வாரத்துள் ஓட்டுக் கூரை இடுமாறு கட்டடப் பகுதி பணிக்கப்பட்டுள்ளது. ஓடு வேயப்பட்டதும் இணைப்புக் கட்டளை இரத்தாகும்." பிள்ளைகள் நனைவது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

மூன்றாவது, சகல பாடசாலைகளுக்குமானது: "ஆவண அழிவு பற்றி ஜனாப் அப்துல் ஸமட் சமர்ப்பித்த அறிக்கையில் உள்ளதுபோன்ற தெளிந்த ஆங்கிலம் இத்திணைக்களத்திற் பல்லாண்டாக எழுதப்பட்டதில்லை. தம் தவறையே மறையாது எழுதிய நேர்மையும் பாராட்டத்தக்கது. அவர் பதவியுயர்வு பெற்றுத் தலைநகர் செல்கின்றார். செயற்றிட்டம், புதிய அதிகாரி நியமிக்கப்படும்வரை இடைநிறுத்தப்படுகின்றது."

தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பத்தொம்பது கடிதம் எழுதினன், மாஸ்டர். புள்ளயள் நனையுது, புள்ளயள் நனையுது எண்டு. ஒரு தரமாவது தாள் நனையுது எண்டு எழுதத் தோணல்லயே எனக்கு!"

லொறி வந்தது. ஓடுகள் இறங்கின. ஓட்டுவேலைக்காரர் ஏழு நாளில் வேய்ந்து முடித்தனர். எட்டாம் நாள் வைகறை தொட்டு மழை பிடித்துக்கொண்டது.

அன்று காலை முத்தலிப் பிள்ளைகளுக்கு முன்னரே வந்தார். முதலில் அலுமாரியைத் திறந்து, கொப்பிகளை எடுத்து வாங்கில்களில் வைத்தார். பின்பு, அதிகாரியின் மேசை இருந்த அதே இடத்திற் பன்பாயை விரித்தார். முகமும் கையும் காலும் கழுவிவந்து, கிப்லாத் திசையை நோக்கி நின்று, நன்றிக்காக இரண்டு றக்அத்துத் தொழுதார். மேலே மழை ஓட்டில் அறைந்துகொண்டிருந்தது. சுஜூதில் நெற்றி நிலத்தைத் தொட்டபோது, நான்கு மாரியின் பழக்கத்தால் அவர் பிடரி ஒரு துளியை எதிர்பார்த்துக் குறுகியது. துளி விழவில்லை. அவர் அப்படியே நெடுநேரம் கிடந்தார். வாசலுக்கு வந்துவிட்ட பிள்ளைகள், ஒருவர் தோளை ஒருவர் பற்றியவாறு ஓசையின்றிக் காத்து நின்றனர்.

வேலிக்கு அப்பால், தலையிற் சுளகைக் கவிழ்த்துப் பிடித்தபடி மைமூனா நின்றிருந்தாள். அவர் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும்வரை அவளும் காத்தாள். பின்பு, ஒரு கையை ஏந்திச் சொன்னாள்:

"யா அல்லாஹ், இந்தக் கூரைக்குக் கீழ இரிந்து கதைக்கிற நாக்குக்கும், எழுதுற கைக்கும் பறக்கத்துச் செய். நனஞ்சி போன அந்தத் தொரையையும் நல்லா வை; போற எடத்திலயாவது ஆராச்சும் 'இஞ்சால வாங்க' எண்டு சொன்னா, அது அவருட காதில விழச் செய்."

வாசலில் நின்ற பிள்ளைகள் ஆமீன் என்றனர்.